சங்ககிரி ரோட்டுக்கு மேலே நின்ற கல்

திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டில், போர்வெல் போடுகிற ரிக் வண்டிகளுக்குச் சாமான் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கிற இடத்துக்கு மேலே, பங்குனி மாதம் ஒரு வியாழக்கிழமை விடியும்போது ஒரு கல் நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது விழவும் இல்லை, மேகம் போல நகரவும் இல்லை; செல்போன் டவரின் உச்சிக்குக் கொஞ்சம் மேலே, ஒரு கல்யாண மண்டபத்தையும் அதன் கார் நிறுத்தும் இடத்தையும் சேர்த்துத் தூக்கி வைத்த அளவில், கரும்பச்சையும் வெள்ளையுமாக, நெடுநாள் அங்கேயே இருந்தது போலச் சும்மா நின்றது.

பால் வண்டிக்காரர் முதலில் பார்த்தார். வண்டியை நிறுத்தி இறங்கி, இடுப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தவர், பால் திரிந்துபோகும் என்று ஞாபகம் வந்ததும் ஏறிப் போய்விட்டார். அடுத்து வந்த ஈரோடு பஸ் கல்லுக்கு அடியில் மெதுவாகப் போனது. அதற்கடுத்த பஸ் வழக்கமான வேகத்திலேயே போனது.

அந்தக் கல்லை அடையாளம் கண்டவள் கோகிலவாணி. அவள் புருஷன் தனபாலன் ரிக் வண்டியோடு வருஷத்தில் பாதி நாள் சத்தீஸ்கரில் இருப்பான். ராடும் பிட்டும் கம்ப்ரசர் சாமானும் விற்கிற கடையை அவளும் மாமனார் நாச்சிமுத்துவும் பார்த்துக்கொண்டார்கள். கடை திறக்க வந்தவள் ரோட்டின் நடுவில் போய் நின்று, கல்லின் இடது தோளில் இருந்த மூன்று துளைகளையும், வயிற்றில் குத்தியிருந்த மஞ்சள் கம்பத்தையும், கம்பத்தில் வரைந்திருந்த நண்டுப் படத்தையும் பார்த்தாள்.

"மாமா, இது நம்முளுதுங்க," என்றாள்.

"நம்முளுதுன்னா?"

"கம்ப்யூட்டர்ல நான் ஓட்டறன்லங்க, அந்தக் கப்பலு. அங்க நாங்க போர் போட்டுட்டு இருக்கற கல்லு இது. அந்த மூணு தொளையும் நான் போட்டதுங்க."

ஆந்திராவிலும் மத்தியப் பிரதேசத்திலும் பாறை பாறையாகத் துளைத்து வயசானவர் நாச்சிமுத்து. கண்ணுக்கு மேல் கையை வைத்து நிதானமாகப் பார்த்தார்.

"நடுத்தொளை கோணலாப் போயிருக்குதே, அம்மிணி."

"ஆமாங்க. அன்னைக்கு எங்களைச் சுட்டுட்டு இருந்தாங்க."

அந்த விளையாட்டுக்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பேர் உண்டு. அது எங்கள் வாயில் நுழையாததால் கப்பல் என்றே நாங்கள் சொல்லிக்கொண்டோம். அதற்குள்ளே அளவில்லாத இருட்டு இருந்தது, இருட்டில் எண்ண முடியாத நட்சத்திரங்கள் இருந்தன, ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வாசல்கள் இருந்தன, உலகத்தின் எந்தெந்த மூலையிலோ உட்கார்ந்திருக்கிற மனுஷர்கள் ஆளுக்கொரு கப்பலில் ஏறி அந்த இருட்டுக்குள் போய், கல்லை உடைத்தார்கள், விற்றார்கள், கட்டினார்கள், காவல் காத்தார்கள், கொள்ளையடித்தார்கள். இதைச் செய் என்று அங்கே யாரும் சொல்வதில்லை, முடிந்தது என்று யாரும் மணி அடிப்பதில்லை. உடைந்த கப்பல் உடைந்ததுதான். கற்றுக்கொள்ளவே வருஷம் பிடிக்கும். முதன்முதலில் திறந்து பார்த்தால் கரண்ட் பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தது போல இருக்கும். கல் வருவதற்கு முன்னால் எங்கள் ஊரில் கோகிலவாணி ஒருத்திதான் அதை விளையாடினாள், விளக்கு வைக்கிற நேரத்திலிருந்து சாப்பாட்டு நேரம் வரைக்கும், காதில் மாட்டிய ஹெட்செட்டோடு, கடைக்குப் பின்னால் இருந்த அறையில்.

நாச்சிமுத்து பலமுறை அவளைக் கேட்டிருக்கிறார். திட்டுவதற்காகக் கேட்டதில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அதுல என்னதான் பண்ணுவீங்க?"

"கல்லு ஒடைப்போமுங்க."

"அதைத்தான உன்ற புருசன் சத்தீஸ்கர்ல பண்றான்."

"ஒடைச்சதைக் கொண்டு போயி விப்போமுங்க."

"அதைத்தான நாம இந்தக் கடையில பண்றோம். அப்பறம் அங்க போயி என்னத்துக்கு?"

கோகிலவாணி யோசிப்பாள். "தெரியலீங்க மாமா. ஆனா நாளைக்கும் போகோணும்னு இருக்குது," என்பாள்.

கல் வந்த அன்று உச்சிவெயிலில் அது சொட்ட ஆரம்பித்தது. பச்சையாகத் தெரிந்தது பாறை, வெள்ளையாகத் தெரிந்தது பனி. முதல் சொட்டு டயர் கடை வாசலில் விழுந்தது, அடுத்தது ஒரு ஸ்கூட்டர் சீட்டின் மேல், பிறகு ரோட்டின் நீளத்துக்கும். நக்கிப் பார்த்தவர்கள் தீக்குச்சி வாசம் அடிப்பதாகவும் ஆனால் தித்திப்பாக இருப்பதாகவும் சொன்னார்கள். நாட்டில் எங்கே தண்ணீருக்குத் துளை போட்டாலும் எங்கள் ஊர் வண்டிதான் போகும். எங்கள் ஊரிலோ ஆயிரம் அடிக்குக் கீழே புகைதான் வரும். அதனால் அன்று சாயங்காலத்துக்குள் ரோட்டின் இரண்டு பக்கமும் குடங்களும் அண்டாக்களும் பெயின்ட் டப்பாக்களும் வரிசையாக வந்துவிட்டன, வரிசை வந்ததும் வரிசைக்குச் சண்டை வந்தது, சண்டை வந்ததும் அதைத் தீர்க்க வக்கீல் ஏகாம்பரம் வந்தார், அவர் வந்ததும் அவருக்கு டீ வந்தது. அப்படியாகக் கல் எங்கள் ஊரின் ஒரு சங்கதியாகிவிட்டது.

நகராட்சியிலிருந்து டேப்போடு வந்தவர்கள் எதிலிருந்து அளப்பது என்று தெரியாமல் டீ குடித்துவிட்டுப் போனார்கள். தரையில் படாத கல்லுக்கு என்ன பூஜை செய்வதென்று கேட்டபோது, குருக்கள் தனக்குத் தெரிந்த வரைக்கும் எதுவும் இல்லை என்றும் கும்பிடுகிறவர்களைத் தான் தடுக்கப்போவதில்லை என்றும் சொன்னார். தினசரிச் சந்தையில் வெயிலில் உட்கார்ந்திருந்த காய்கறிக்காரி சம்பூரணம் கூடைகளோடு கல்லின் நிழலுக்கு வந்தாள். கீரை மூன்று நாள் வாடாமல் இருந்தது. கண்டக்டர்கள் "பனிக்கல்லெல்லாம் எறங்கு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கல்லின் மேல் உட்கார்ந்த காக்கைகள் கால் குளிர்ந்து ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றன. கல்யாணம் ஆனவர்களைப் படம் பிடிக்க அங்கே கூட்டிவந்தார்கள், எல்லாப் படத்திலும் மாப்பிள்ளையின் தோளில் ஒரு சொட்டு ஈரம் இருந்தது.

அடுத்த வாரம் கோகிலவாணி விளையாட்டுக்குள் போய், தன் கப்பலைக் கல்லருகே நிறுத்தி, நான்காவது துளையைப் போட்டாள். சங்ககிரி ரோட்டில் நின்றவர்கள் தலைக்கு மேலே கல்லில் துளை விழுவதைப் பார்த்தார்கள். பனிச்சில்லு பொலபொலவென்று கொட்டியது. சர்பத் கடைக்காரர் அள்ளிக்கொண்டார். அங்கே இருக்கிற கல்லும் இங்கே இருக்கிற கல்லும் ஒன்றுதான், அங்கே குறைந்தால் இங்கே குறையும் என்று எல்லோருக்கும் புரிந்தது, புரிந்ததும் எல்லோரும் கடைக்கு வந்தார்கள்.

"கல்லு உனக்கு மட்டும் சொந்தமா, அம்மிணி?" என்று வக்கீல் கேட்டார்.

"பத்துப் பன்னெண்டு பேர் கூட்டுங்க. நண்டுக் கூட்டம்னு பேரு. ஆரம்பிச்சவர் வவுனியாவுல இருக்கார், யோகச்சந்திரன்னு; வெளையாட்டுல அவர் பேரு நண்டு. நார்வேயில ஒரு நர்சு, பீளமேட்டுல ஒரு காலேஜ் வாத்தியார். மத்தவங்க ஊரு எனக்குத் தெரியாதுங்க."

"மூஞ்சி தெரியுமா?"

"இல்லீங்க. கொரல் தெரியும்."

நாச்சிமுத்து தலையை ஆட்டிக்கொண்டார். மூஞ்சி தெரியாதவர்களோடு கூட்டு வைப்பது அவருக்குப் புதிதாக இருந்தது.

சித்திரை பிறந்ததும் சேதி வந்தது. கல் இருந்த இடம் விளையாட்டில் காவல் இல்லாத இருட்டு; அங்கே பலமுள்ளவர்கள் வைத்ததுதான் சட்டம். இரும்புக்கொடி என்று ஒரு பெருங்கூட்டம் உண்டு, ஆயிரக்கணக்கில் கப்பல்கள், அதற்கு ஒரு தளபதி. அந்தத் தளபதி யாரோடும் பேசியதில்லை, உத்தரவெல்லாம் எழுத்தில்தான் வரும். ரஷ்யாக்காரன் என்று சிலர், ஆளே இல்லை வெறும் மெஷின் என்று சிலர். அந்தத் தளபதியிடமிருந்து கோகிலவாணியின் திரையில் ஒரு வரி வந்தது: கல் எங்களுக்கு வேண்டும், சித்திரையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை வருவோம்.

டீக்கடையில் கூடினோம். "அவங்க அங்க எடுத்துட்டா இங்க போயிரும். அவ்வளவுதான?" என்று சம்பூரணம் கேட்டாள்.

"ஆமாங்க்கா."

"அப்ப நாமளும் அங்க போயி நிக்கோணும். எப்படிப் போறது, சொல்லிக் குடு."

அப்படித்தான் எங்கள் ஊர் கப்பலில் ஏறியது. கம்ப்யூட்டர் சென்டர்களில் இடம் பிடிக்கத் துண்டு போட்டோம். காலேஜ் போகிற பெண்களிடமிருந்து லேப்டாப்பை அப்பாக்கள் கடன் கேட்டார்கள். முதல் வாரம் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. ஒரு ஜன்னலை மூடினால் இரண்டு திறந்தது. பிறகு மெதுவாக, ஆளுக்கொரு இடத்தில், அவரவர் கால் தரையில் பட்டது. சம்பூரணம் சண்டைக் கப்பல் பக்கமே போகவில்லை. ஒரு நிலையத்தில் மலிவாகக் கிடைப்பதை வாங்கி, அது இல்லாத நிலையத்துக்குக் கொண்டு போய் விற்று, எங்கே எதற்குத் தட்டுப்பாடு வரப்போகிறதென்று மற்றவர்களுக்கு முன்னால் மோப்பம் பிடித்து, எங்கள் கூட்டத்துக்குக் கப்பல் வாங்கும் வசதியைச் செய்துவிட்டாள். வக்கீல் ஏகாம்பரம் பக்கத்து நட்சத்திரங்களில் இருந்த சின்னச் சின்னக் கூட்டங்களோடு ஒப்பந்தம் பேசினார், உங்களை அடித்தால் நாங்கள் வருவோம், எங்களை அடித்தால் நீங்கள் வாருங்கள் என்று. கோர்ட்டில் இப்படி ஒரு கட்சிக்காரர் தன் பேச்சைக் கேட்டதில்லை என்று சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். ரிக் டிரைவர்களுக்கு அங்கே தூரம் தூரமாகவே இருந்தது பிடித்திருந்தது. போக நேரம் ஆகும், வழியில் பயம் இருக்கும், போய்ச் சேர்ந்தால் சேர்ந்த மாதிரி இருக்கும் என்றார்கள்.

நாச்சிமுத்து எரிபொருள் கொண்டு போகிற கப்பலை எடுத்துக்கொண்டார். தண்ணி லாரி என்று அதற்குப் பேர் வைத்தார். நான்கைந்து நாள் ஒழுங்காக ஓட்டினார். ஒருநாள் ஒரு வாசலைத் தாண்டும்போது யாரோ முன்பின் தெரியாதவன் வந்து சுட்டுவிட்டான், கப்பல் பொடிப்பொடியாகப் போயிற்று. நாச்சிமுத்து எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

"நெஞ்சு அடிச்சுக்குது, அம்மிணி. அந்தக் கப்பலு திரும்பி வராதா?"

"வராதுங்க மாமா."

"நான் அதைப் பாத்துப் பாத்து ஓட்டிட்டு இருந்தன்."

"தெரியுமுங்க."

அவர் ஈர முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "சுட்டவன் எந்த ஊர்க்காரனா இருப்பான்?" என்று கேட்டார். கோபத்தில் கேட்ட மாதிரி இல்லை. பிறகு இன்னொரு தண்ணி லாரியை எடுத்துக்கொண்டு, வேறு வழியாகப் போனார்.

சித்திரை நடுவில் யோகச்சந்திரன் நேரிலேயே வந்தான். கல்லைப் பார்க்க வேண்டும் என்று திருச்சி வரைக்கும் விமானத்தில் வந்து, அங்கிருந்து பஸ் மாறி மாறி, ஒரு சின்னப் பையோடு பனிக்கல் ஸ்டாப்பில் இறங்கினான். மெலிந்த ஆள், முப்பத்தைந்து வயசு இருக்கும், வவுனியாவில் போட்டோகாப்பிக் கடை வைத்திருக்கிறான். இறங்கியதும் அண்ணாந்து பார்த்துவிட்டு, கையைக் குழித்து ஒரு சொட்டுப் பிடித்துக் குடித்தான்.

"நான் இதைப் படத்தில எத்தினை தரம் பாத்திருப்பன், அக்கா," என்று கோகிலவாணியிடம் சொன்னான். "இவ்வளவு குளிரும் எண்டு தெரியாது."

மூன்று வருஷம் தினமும் அவன் குரலைக் கேட்டவள் அவள். அவளுக்கு அந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான்; கப்பல் உடைந்த நாட்களில் அவன் சொல்லுகிற கதைகளைக் கேட்டுத்தான் அவள் சிரித்திருக்கிறாள். கடை மாடியில் அவனைத் தங்க வைத்தார்கள். நாச்சிமுத்துவுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் இருவரும் எரிபொருளைப் பற்றியே பேசினார்கள்.

விளையாட்டில் கல்லைச் சுற்றி நண்டுக் கூட்டம் ஒரு ஷீல்டு போட்டிருந்தது. அது இருக்கிற வரைக்கும் எந்தக் குண்டும் முழு வேகத்தில் உள்ளே போகாது. அதை ஏற்றவும் இறக்கவும் அதிகாரம் ஆரம்பித்தவனுக்கு மட்டும்தான், அதாவது யோகச்சந்திரனுக்கு.

இரும்புக்கொடி வருவதாகச் சொன்ன ஞாயிறு மத்தியானம், சாப்பிட்டு முடித்து, கோகிலவாணியும் யோகச்சந்திரனும் மொட்டைமாடியில் கல்லைப் பார்த்தபடி நின்றார்கள். இருவர் தலையும் நனைந்திருந்தது.

"தம்பி," என்றாள் கோகிலவாணி. "நீங்க அவங்க ஆளுன்னு எனக்குத் தெரியும்."

யோகச்சந்திரன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"எப்ப இருந்து தெரியும்?" என்று பிறகு கேட்டான்.

"போன தீவாளிக்கு முன்னாடி இருந்துங்க. நாம கெளம்பற நேரத்தை உங்ககிட்ட மட்டும் மாத்திச் சொல்லியிருந்தன். அந்த மாத்துன நேரத்துக்கு அவங்க வந்து நின்னாங்க."

"அப்ப ஏன் என்னை விரட்டேல்லை? நான் துவக்கத்தில இருந்தே அவையின்ர ஆள். இந்தக் கூட்டத்தை உண்டாக்கினதே அவை சொல்லித்தான்."

"ஆரம்பத்துல இருந்தேங்கறது எனக்குத் தெரியாதுங்க," என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "நீங்க வராத நாள்ல அந்த எடம் நல்லாவே இருக்கறதில்லீங்க, தம்பி. அது ஒண்ணு. இன்னொண்ணு, நீங்க கடைசியா என்ன செய்வீங்கன்னு பாக்கோணும்னு இருந்துச்சு. மெஷின் என்ன செய்யும்னு ஒரு மாசம் வெளையாடுனா தெரிஞ்சுரும். நீங்க என்ன செய்வீங்கன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாதுன்னு நெனைக்கறன். அதுக்காகத்தான் நான் தெனமும் வந்தனோ என்னமோ."

"இண்டைக்கு ஷீல்டை இறக்கச் சொல்லியிருக்கினம்."

"சொல்லியிருப்பாங்க."

"நீங்கள் அந்த அதிகாரத்தை என்னட்டக் கேக்கேல்லையே."

"கேக்க மாட்டனுங்க."

கீழே பஸ் ஒன்று நின்று புறப்பட்டது. "ஐயாவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டான்.

"காலையில சொன்னன்."

"என்ன சொன்னவர்?"

"நீங்க கத்திரிக்காய்க் கொழம்பை ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைச் சொன்னார். வேற ஒண்ணும் சொல்லலை."

வெயில் சாய்கிற நேரத்தில் அவர்கள் வந்தார்கள். வாசல் வழியாக ஒன்று, பத்து, நூறு என்று கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரே இடத்தில் ஏராளமான கப்பல்கள் சேர்ந்துவிட்டால் அந்த விளையாட்டில் காலம் மெதுவாகும். அத்தனை பேரின் கணக்கையும் ஒரே மூச்சில் போட முடியாமல் மெஷின் எல்லாவற்றையும் இழுத்து இழுத்து நடத்தும். விளையாடுகிறவர்களுக்கு இது பழகின விஷயம். அன்று சங்ககிரி ரோட்டிலும் காலம் மெதுவானது. டீ மாஸ்டர் ஆற்றிய டீ மேல் டம்ளரிலிருந்து கீழ் டம்ளருக்குத் துணி உலர்த்துவது போல நீண்டு தொங்கியது. கல்லிலிருந்து விழுந்த சொட்டை ஒரு நாய் பார்த்து, எழுந்து, நடந்து போய், அது விழுகிற இடத்தில் வாயைத் திறந்து நின்றது. பஸ்ஸின் ஹாரன் தம்புரா போல இழுபட்டது. மலையின் தோளில் உட்கார்ந்த சூரியன் உட்கார்ந்தே இருந்தது. அதைக் கவனித்துப் பயப்பட யாருக்கும் நேரமில்லை, ஆளுக்கொரு வேலை இருந்தது.

கடையில் மேஜை மேஜையாகக் கம்ப்யூட்டர்கள் போட்டிருந்தோம். ஓரத்து மேஜையில் யோகச்சந்திரன். இரும்புக்கொடிக் கப்பல்கள் ஷீல்டுக்கு வெளியே வந்து அணிவகுத்து நின்று, சுடாமல் காத்திருந்தன. அவன் திரையில் தளபதியின் ஒற்றை வார்த்தை வந்தது: இப்போது.

அவன் கை மவுஸின் மேல் இருந்தது. கடையில் விஷயம் தெரிந்தவர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. நாச்சிமுத்து ஒரு டம்ளர் டீயைக் கொண்டு வந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, தன் தண்ணி லாரிக்குத் திரும்பிப் போய்விட்டார். இப்போது என்று மறுபடியும் வந்தது. மூன்றாம் முறையும் வந்தது. யோகச்சந்திரன் கையை மவுஸிலிருந்து எடுத்து, டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டான். அது ஆறிப்போகும் வரைக்கும் பிடித்துக்கொண்டே இருந்தான்.

ஷீல்டு இறங்கும் இறங்கும் என்று நம்பிய இரும்புக்கொடிக்காரர்கள் இன்னும் கிட்டே வந்தார்கள், ஒருவர் மேல் ஒருவர் நெருக்கிக்கொண்டு, திரும்ப இடமில்லாமல். கோகிலவாணி சொன்னதும் ரிக் டிரைவர்கள் கல்லின் பின்னாலிருந்து வெளியே வந்தார்கள். நாச்சிமுத்து யாரும் சொல்லாமலே ஒரு காரியம் செய்தார். எரிபொருள் நிறைந்த தன் கப்பலை, அந்தப் பெரிய பெரிய போர்க்கப்பல்களுக்கு நடுவிலே, சந்தை நாளில் லாரியைத் திருப்புவது போல ஒடித்து ஒடித்து ஓட்டிப் போய், அவர்கள் வந்த வாசலின் வாயிலேயே குறுக்கே நிறுத்திவிட்டார். அவரைச் சுட்டார்கள். தண்ணி லாரி பற்றி எரிந்தது, அது எரிந்து தணியும் வரைக்கும் அந்த வாசல் வழியாக யாரும் போகவும் முடியவில்லை, புதிதாக வரவும் முடியவில்லை. அந்த நேரத்துக்குள் வக்கீலின் சின்னக் கூட்டங்கள் ஒவ்வொன்றாக, தாமதமாகத்தான் என்றாலும், வேறு வாசல்களிலிருந்து வந்து சேர்ந்தன.

தலைக்கு மேலே, ஷீல்டைத் தாண்டி வந்த குண்டுகளில் கல் பல இடங்களில் வெடித்தது. ஒரு பக்கம் முழுசாகப் பிளந்து, மெதுவான அந்தச் சாயங்காலத்தில் மெதுவாகவே இறங்கி, ஆலங்கட்டியாகச் சிதறி ரோடெங்கும் விழுந்தது. நிறுத்தியிருந்த ரிக் வண்டிகளின் கூரையெல்லாம் பள்ளம் விழுந்தது. பாதிக் கல் மிஞ்சியது. மிஞ்சிய இரும்புக்கொடிக்காரர்கள் வாசலில் தீ அணைந்ததும் திரும்பிப் போனார்கள், சூரியனும் பிறகுதான் இறங்கியது.

கடையில் எல்லோரும் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார்கள். யோகச்சந்திரனுக்கு இரும்புக்கொடியில் இருந்த கப்பல்கள், கிடங்குகள், இத்தனை வருஷம் சேர்த்தது எல்லாம் அந்த நேரத்திலேயே பறிபோயின. அவன் யார் என்று தெரிந்ததும் நண்டுக் கூட்டத்திலும் இரண்டு பேர் அவனோடு இனிப் பேச மாட்டோம் என்று விலகிவிட்டார்கள். இரண்டு பக்கமும் அவன் பேர் கெட்டுப்போனது.

"வருத்தமா, தம்பி?" என்று நாச்சிமுத்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"தெரியேல்லை ஐயா. கை இன்னும் மவுஸைத் தேடுது."

நாச்சிமுத்து தன் கையை நீட்டிக் காட்டினார். அதுவும் இல்லாத மவுஸைப் பிடித்தபடி குவிந்திருந்தது.

மறுநாள் அவன் ஊருக்குப் போனான். வைகாசி வெயிலில் மிச்சக் கல் வேகமாகக் கரைந்தது, பனி போகப் போகப் பாறையும் பொடியாக உதிர்ந்தது. ஆடியில் அது ஒரு லாரி அளவுக்கு இருந்தது, பிறகு ஒரு தண்ணீர்த் தொட்டி அளவுக்கு, பிறகு மஞ்சள் கம்பம் மட்டும் ஒருநாள் முழுக்க வானத்தில் நின்றுவிட்டு அதுவும் போய்விட்டது. குடங்கள் வீட்டுக்குப் போயின, சம்பூரணம் சந்தைக்குப் போனாள், நகராட்சிக் குழாய்க்குக் காத்திருக்கும் பழைய வழக்கம் திரும்பி வந்தது. கல்லுக்காகத்தானே கப்பலில் ஏறினோம், கல் போய்விட்டது, இனி எதற்கு என்று யாராவது கேட்பார்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் இப்போதும் இடம் கிடைப்பதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி டீக்கடையில் ஆளுக்கொரு விதமாகச் சொன்னோம், ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆவணியில் ஒருநாள் காலை, சேலம் பஸ்ஸிலிருந்து ஐம்பது வயசுப் பெண் ஒருத்தி இறங்கி, விசாரித்துக்கொண்டு கோகிலவாணியின் கடைக்கு வந்தாள். தலையில் முக்காடு, கையில் இனிப்புப் பெட்டி. பேர் தஸ்லீமா என்றும், ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை என்றும் சொன்னாள். பெட்டியைக் கல்லாவின் மேல் வைத்தாள்.

"இரும்புக்கொடி தளபதி நான்தாங்க," என்றாள்.

கோகிலவாணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "சாப்பிட்டுட்டீங்களா?" என்று கேட்டாள்.

"ஆச்சுங்க. ஒரு விஷயம் தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன். வாசல்ல குறுக்கே வந்து நின்னுதே ஒரு எண்ணெய்க் கப்பல், அதை ஓட்டினது யாரு?"

நாச்சிமுத்து சாமான்களுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். "நானுங்க. மொதல்ல உக்காருங்க. நீங்க அத்தனை நேரம் சுடாம நின்னீங்களே, அது ஏன்னு நான் நெனைச்சு நெனைச்சுப் பாக்கறன்."

"நண்டு ஷீல்டை இறக்கிடுவார்னு நம்பினேங்க. வருஷக்கணக்கா என் ஆளு. அவர நீங்க எப்படி மாத்தினீங்க?"

"யாரும் மாத்தலீங்க," என்றாள் கோகிலவாணி.

தஸ்லீமா அதை நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எங்க பக்கத்துல நடந்தது எனக்குத் தெரியும். உங்க பக்கத்துல நடந்ததை மொதல்லேர்ந்து சொல்லுங்க. சாயங்காலம் வரைக்கும் எனக்கு பஸ் வேணாம்."

கோகிலவாணி போனை எடுத்து வவுனியாவுக்கு அடித்தாள். மணி போய் எடுத்ததும், ஸ்பீக்கரில் போட்டு, இனிப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"தம்பி, உங்களைத் தேடி ஒருத்தங்க கடைக்கு வந்திருக்காங்க. பேசுங்க."

தஸ்லீமா போனின் பக்கம் குனிந்தாள். "நண்டு," என்றாள். "நான் மூணு தடவை இப்போதுன்னு எழுதினேன்."

அந்தப் பக்கம் போட்டோகாப்பி மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"தளபதி," என்றான் யோகச்சந்திரன். "உங்கட குரல் இப்பிடி இருக்கும் எண்டு நான் நினைக்கவே இல்லை."